ரிசப்ஷன் டிஜே வேலைக்குப் பழைய பேக்கப் செட்: எதை முதலில் வாங்குவது?

பவானிக்கரை:

அண்ணன்மாருக்கு வணக்கம். ஈரோடு, பவானி, கோபி சுற்றுவட்டாரத்தில் ரிசப்ஷன், பிறந்தநாள், காலேஜ் ஃபேர்வெல் என்று டிஜே வேலை எடுத்துச் செய்கிறேன். கைவசம் இருப்பது பயனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 கன்ட்ரோலர் (லேப்டாப்பில் இருக்கும் பாட்டை மிக்ஸ் பண்ணும் பலகை), லேப்டாப் ஒன்று, 15 இன்ச் ஆக்டிவ் டாப் (ஆம்ப் உள்ளேயே இருக்கும் மெயின் ஸ்பீக்கர்) ஒரு ஜோடி, அடிச் சத்தத்துக்கு 18 இன்ச் சப் ஒன்று, இரண்டு கை மைக் உள்ள வயர்லெஸ் செட் ஒன்று. கூட்டம் பெரிதாக இருந்தால் தெரிந்த சவுண்ட் சர்வீஸ் அண்ணனிடம் கேபின் (ஸ்பீக்கர் பெட்டி) எடுத்துக்கொள்வேன், கன்ட்ரோலரும் லேப்டாப்பும் மட்டும் என்னுடையது.

கவலை என்னவென்றால், முக்கியமானது எல்லாம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மண்டபத்தில் ஏதாவது நின்றுவிட்டால் மாற்று கிடையாது. ஆவணி முகூர்த்தங்களுக்கு நிறைய தேதி வந்துவிட்டது, அட்வான்ஸும் வாங்கியாகிவிட்டது. ஆடி முடிவதற்குள் 50,000 ரூபாய்க்குள் பழைய பொருளாகப் பார்த்து பேக்கப் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். புதிதாக வாங்க இப்போதைக்கு வழியில்லை.

பார்த்து வைத்திருப்பது இவ்வளவு. சேலத்தில் ஒருவர் டிடிஜே-400 கன்ட்ரோலர் கொடுக்கிறார், 16,000 சொல்கிறார், பில்லும் பெட்டியும் இருக்கிறதாம். சென்னையில் சிடிஜே-850 (தனியாக ஓடும் டிஜே பிளேயர்) ஜோடியும் ஒரு மிக்சரும் சேர்த்து 48,000. திருப்பூரில் 12 இன்ச் ஆக்டிவ் டாப் ஒன்று, ஒற்றையாக. இது போக, டொராண்டோவில் இருக்கும் பெரியம்மா மகன் அங்கே பழைய வயர்லெஸ் மைக்கும் பவர் ஆம்ப்பும் மலிவாகக் கிடைக்கிறது, ஊருக்கு வரும்போது கொண்டு வரட்டுமா என்று கேட்கிறான்.

எதை முதலில் எடுக்கலாம்? பழசில் எதை எப்படிப் பார்த்து வாங்குவது, எதைத் தொடவே கூடாது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மதுரை டெக்:

தம்பி, நீங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி தேடுகிறீர்கள். அந்த வழியில் போனால் 50,000 போதாது, வண்டியில் இடமும் இருக்காது. எது நின்றால் மண்டபமே அமைதியாகும், எது நின்றால் பாதியாவது ஓடும் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். டாப் ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது, மோனோவில் போட்டு ஒப்பேற்றிவிடலாம். சப் போனால் அடி குறையும், ஆட்டம் நிற்காது. மைக்கும் உங்களிடம் இரண்டு இருக்கிறது, ஆனால் ரிசீவர் ஒன்றுதான் என்பதால் ஒரு ஒயர் மைக் பையில் கிடக்கட்டும். லேப்டாப் நின்றால் மட்டும்தான் பாட்டு, லைப்ரரி, நீங்கள் மாதக்கணக்கில் பாட்டுக்குள் போட்டு வைத்த ஹாட் கியூ அடையாளங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் போகிறது. அதனால் முதல் பணம் லேப்டாப்புக்குத்தான். நீங்கள் பார்த்து வைத்ததில் அதுதான் இல்லை.

கம்பெனிகள் லீஸ் முடிந்து தள்ளும் லேப்டாப்புகள், திங்க்பேட், லேட்டிட்யூட், எலீட்புக் மாதிரியானவை, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் கோயம்புத்தூரிலும் நிறைய கிடைக்கும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள், ஏனென்றால் விண்டோஸ் 10-க்கான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, அதற்குக் கீழே உள்ளவை விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. திங்க்பேட் டி480 எடுத்தால் உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றி மாட்டுகிற பேட்டரி ஒன்று என இரண்டு வரும், நம் வேலைக்கு அது பெரிய வசதி. 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி இரண்டும் இருக்க வேண்டும். பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் செட்டிங்) போய்ப் பாருங்கள், பாஸ்வேர்டு கேட்டால் அந்த மெஷின் வேண்டாம், பழைய கம்பெனியின் பூட்டு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, புதிதில் எவ்வளவு கொள்ளளவு, இப்போது முழுதாக ஏற்றினால் எவ்வளவு நிற்கிறது என்று ஒப்பிடுங்கள். பாதிக்குக் கீழே இருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள்.

வாங்கியதும் ரெக்கார்ட்பாக்ஸ் டிஜே சாஃப்ட்வேர் போட்டு, உங்கள் கன்ட்ரோலரையே மாட்டி, சார்ஜர் போட்டும் கழற்றியும் ஒரு முழு மாலை வீட்டில் ஓட்டிப் பாருங்கள். சில லேப்டாப் சார்ஜர் மாட்டியவுடன் ஸ்பீக்கரில் ஒரு இரைச்சல் வரும், சிலதில் வைஃபை ஆன் ஆனால் பாட்டு விக்கும். இதெல்லாம் கடையில் பத்து நிமிஷத்தில் தெரியாது.

அடுத்தது கன்ட்ரோலர். நீங்கள் எஃப்எல்எக்ஸ்4-ஐ ரெக்கார்ட்பாக்ஸில் ஓட்டுபவர் என்றால் டிடிஜே-400 சரியான பொருள். 2018-இல் வந்தது, எஃப்எல்எக்ஸ்4-க்கு அண்ணன் மாதிரி. பட்டன் இருக்கும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான், இருட்டிலும் கை தானாகப் போகும். மாட்டினாலே ரெக்கார்ட்பாக்ஸ் பெர்ஃபார்மன்ஸ் மோட் திறந்துகொள்ளும், தனியாகச் சந்தா வேண்டாம். செராட்டோ என்ற இன்னொரு சாஃப்ட்வேரில் ஓட்டுபவர் என்றால் இதை வாங்காதீர்கள், அது ரெக்கார்ட்பாக்ஸுக்கென்று செய்தது.

சிடிஜே-850 ஜோடி வேண்டாம் என்பது என் கருத்து. பொருள் மோசம் இல்லை. ஆனால் 2010 வாக்கில் வந்த மாடல், ஒன்றோடொன்று லிங்க் பண்ண முடியாது, அதனால் இரண்டுக்கும் தனித்தனி யூஎஸ்பி வேண்டும், அதையும் ஃபேட்32-ஆக ஃபார்மேட் பண்ண வேண்டும், என்டிஎஃப்எஸ் என்றால் திறக்காது. எடையும் அதிகம். எல்லாவற்றையும் விட, கன்ட்ரோலரில் பழகிய நீங்கள் அதை முதல் தடவையாகத் தொடப்போவது மண்டபத்தில் எல்லோரும் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில். பேக்கப் என்பது கைக்குப் பழகியதாக இருக்க வேண்டும். பின்னால் பணம் சேர்ந்தால் எக்ஸ்டிஜே-ஆர்எக்ஸ் வரிசையில் ஒன்று பாருங்கள், லேப்டாப்பே இல்லாமல் யூஎஸ்பியில் ஓடும், அப்போது அதுவே முதல் செட்டாகி இப்போது இருப்பது பேக்கப் ஆகிவிடும்.

கோவை ரீகோன்:

நான் டிஜே இல்லை, ஸ்பீக்கர் ரிப்பேர், ரீகோன் (ஸ்பீக்கரின் கோனை மாற்றுவது) வேலை. பாதி வாடிக்கையாளர்கள் உங்கள் மாதிரி ஆட்கள்தான், அதனால் சொல்கிறேன்.

திருப்பூர் டாப்பை வாங்குவதாக இருந்தால் இதைச் செய்து பாருங்கள். ஆஃப் பண்ணிவிட்டு, முன்னால் இருக்கும் கிரில்லைக் கழற்றி, இரண்டு கை விரல்களையும் விரித்து கோனின் (உள்ளே அசையும் புனல் மாதிரியான தாள்) எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து மெதுவாக, ஒரே அளவாக உள்ளே அழுத்துங்கள். வழுக்கிப் போய் வழுக்கி வர வேண்டும். மணல் உரசுகிற மாதிரி ஒரு சத்தம், விரலுக்கே தெரியும், அது வந்தால் கோனுக்குப் பின்னால் இருக்கும் கம்பிச்சுருள், அதாவது வாய்ஸ் காயில், உரசுகிறது, வெந்துபோன காயில். பிறகு போர்ட் ஓட்டை பக்கம் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். கருகிய வார்னிஷ் வாசனை ஒரு தடவை ஏறினால் எளிதில் போகாது. அந்த வாசனை இருந்தால் விற்பவர் என்ன சொன்னாலும் அந்த டிரைவர் சூடு பட்டிருக்கிறது.

பிறகு ஆன் பண்ணி, பாட்டு எதுவும் போடாமல் வால்யூமை ஏற்றி மேலே இருக்கும் சின்ன ஸ்பீக்கர், ட்வீட்டர் பக்கம் காது வையுங்கள். மெல்லிய ஸ்ஸ் சத்தம் சகஜம். அதுவே சுத்தமாக இல்லை என்றால் அதன் டயாஃப்ரம் (அதிரும் மெல்லிய தகடு) போயிருக்கலாம். போனில் சைன் ஸ்வீப் (தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிக்கு ஏறும் சோதனை ஒலி) ஒன்று இறக்கி வைத்துக்கொண்டு கீழிருந்து மேலே ஓட்டுங்கள். நடுவில் எங்காவது கிர்ர் என்று வந்தால் ஒன்று கோன், இல்லையென்றால் கேபினில் ஏதோ தளர்ந்திருக்கிறது. பாட்டைப் போட்டுப் பார்த்தால் மட்டும் இது பிடிபடாது, பாட்டின் அடி இதை மறைத்துவிடும். திருகுகளையும் பாருங்கள், தலை தேய்ந்திருந்தால் ஏற்கெனவே திறந்திருக்கிறார்கள். ரீகோன் பண்ணியது என்பதற்காக ஒதுக்க வேண்டாம், நல்ல கோன் போட்டுச் சரியாகச் செய்திருந்தால் நன்றாகவே ஓடும், ஆனால் எங்கே செய்தார்கள், என்ன கோன் என்று கேளுங்கள். தயங்காமல் சொன்னால் நம்பலாம்.

உள்ளே ஆம்ப் இல்லாத பாஸிவ் ஸ்பீக்கர் என்றால் மல்டிமீட்டர் போதும். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் ஐந்தரை, ஆறு, ஆறரை என்று காட்டும், அதைப் பார்த்து பயப்பட வேண்டாம், அப்படித்தான் காட்டும். ஒன்றும் காட்டாவிட்டால் காயில் அறுந்தது. இரண்டு, மூன்று என்று காட்டினால் உள்ளே வெந்து ஒட்டியிருக்கிறது.

கடைசியாக ஒன்று, பழைய ஆக்டிவ் ஸ்பீக்கரில் எனக்குப் பயம் கோன் இல்லை, பின்னால் இருக்கும் ஆம்ப் போர்டுதான். கோனை எந்த ஊரிலும் மாற்றலாம். அந்த போர்டு சின்னச் சின்ன பாகங்களாக ஒட்டியது, கம்பெனி போர்டு கிடைக்காவிட்டால் பல மாடல்களில் பொருளே வீண். அதனால் அந்த மாடலுக்கு போர்டு கிடைக்கிறதா என்று வாங்குவதற்கு முன்னாலேயே சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போடுங்கள்.

டொராண்டோ தாளம்:

தம்பி, உங்கட பெரியம்மா மகனிட்ட வயர்லெஸ் மைக் வாங்க வேண்டாம் எண்டு இண்டைக்கே சொல்லுங்கோ. நான் இங்க தமிழ்க் கலியாணங்கள், சாமத்தியவீடு, பிறந்தநாள் எண்டு டிஜே செய்யிறன், அதனால இது நல்லாத் தெரியும்.

வட அமெரிக்காவில் பழைய வயர்லெஸ் மைக் ஏன் இவ்வளவு மலிவு தெரியுமோ? முந்தி மைக்குகள் ஓடின அலைவரிசையைச் செல்போன் கம்பெனிகளுக்குக் குடுத்திட்டினம். அமெரிக்காவில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை 2010-இலயே போயிட்டுது, 600 பட்டையில் 2020 ஜூலைக்குப் பிறகு மைக் பாவிக்கக் கூடாது. கனடாவிலும் 600 பட்டை செல்போனுக்குப் போயிட்டுது. சட்டப்படி பாவிக்க ஏலாத சாமானைத்தான் ஆக்கள் ஆன்லைனில் அரை விலைக்குப் போடினம். இந்தியாவிலயும் 700 பட்டையை 2022 ஏலத்தில் ஜியோ எடுத்து அதில் 5ஜி ஓட்டுது. அப்ப 700-இல் ஓடுற பழைய மைக்கை அங்க கொண்டுவந்தால், மண்டபத்தில் சனம் கூடக் கூட மைக் வெட்டி வெட்டி வரும். வீட்டில் வைச்சுப் பார்க்கேக்க ஒரு குறையும் தெரியாது. ரிசீவரின் பின்னால், மைக்கின் பேட்டரி மூடிக்குள்ள அலைவரிசை எழுதியிருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. உங்கட ஊரில் பழசு வாங்கினாலும் இதையே பாருங்கோ.

பவர் ஆம்ப்பும் வேண்டாம். இங்க கரன்ட் 120 வோல்ட், உங்களிட்ட 230. பின்னால் 100 முதல் 240 வரை எண்டு எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை, வெறும் 120 எண்டு இருந்தால் நேரடியாகச் சொருகின உடனேயே போய்விடும். ஆம்ப் இழுக்கிற கரன்ட்டுக்கு ஏத்த ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தூக்க ஒரு ஆள் வேணும். விமானத்தில் அந்தப் பாரத்தைக் கொண்டு வாற செலவுக்கு அங்கேயே ஒண்டு வாங்கலாம்.

ஒயர் மைக் எண்டால் வேற கதை. ஷூர் கம்பெனியின் எஸ்எம்58 மைக் ஒண்டு கொண்டு வரச் சொல்லுங்கோ, ஆனால் நம்பகமான கடையில் வாங்கினதா எண்டு கேளுங்கோ, அதில் போலி உலகம் முழுக்க இருக்கு. உண்மையான மைக் 298 கிராம். சமையலறைத் தராசில் வைச்சாலே கன போலி பிடிபடும்.

நெல்லை பாஸ்:

எல்லோரும் வாங்கச் சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். ஸ்பீக்கருக்குப் பேக்கப் வாங்கவே வேண்டாம். ஸ்பீக்கர் எல்லா ஊரிலும் இருக்கிறது. எந்த மண்டபத்துக்குப் போனாலும் பக்கத்தில் ஒரு சவுண்ட் சர்வீஸ் இருக்கும், வேலைக்கு ஒரு நாள் முன்னால் அவருக்கு போன் போட்டு, அவசரம் என்றால் ஒரு டாப் அனுப்புவீர்களா, வாடகை எவ்வளவு என்று பேசி வைத்தால் போதும். எங்கள் பக்கம் டிஜே பசங்கள் எல்லாம் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். அன்றைக்கு யாருக்கு வேலை இல்லையோ அவர் பொருள் மற்றவருக்குப் பேக்கப். முகூர்த்த நாளில் எல்லோருக்கும் வேலை இருக்கும் என்பது உண்மைதான், அதனால்தான் சவுண்ட் சர்வீஸ்காரர் நம்பரும் வேண்டும் என்கிறேன். கொண்டுவர அரைமணி ஆகும் பொருளை வாடகைக்குப் பேசி வையுங்கள், அரை நிமிஷத்தில் வேண்டிய பொருளைச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அரை நிமிஷத்துக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். கன்ட்ரோலரை நேராக ஸ்பீக்கருக்குக் கொடுப்பதில்லை. நடுவில் ஒரு சின்ன அனலாக் மிக்சர், பழசாக வாங்கியதுதான். அதில் முதல் இரண்டு சேனல் கன்ட்ரோலர், அடுத்த இரண்டில் என் பழைய போன், ஒரு 3.5-இலிருந்து ஆர்சிஏ கேபிள் வழியாக. போன் ஃப்ளைட் மோடில், முழுச் சார்ஜில், நானே மிக்ஸ் பண்ணி வைத்த முக்கால் மணி நேர டான்ஸ் செட் ஓடத் தயாராக நிற்கும். லேப்டாப் நின்ற நொடியில் ப்ளே அழுத்தி அந்த ஃபேடரை (சத்தம் ஏற்றி இறக்கும் தள்ளுகட்டை) ஏற்றினால் ஆடுகிறவர்களுக்குப் பாட்டு மாறியது மாதிரிதான் தெரியும். அந்த முக்கால் மணிக்குள் லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்ணலாம், மாற்று லேப்டாப்பை எடுத்து மாட்டலாம், ஒயர் மாற்றலாம். பேக்கப் பெட்டிக்குள் இருந்தால் அது பேக்கப் இல்லை, ஏற்கெனவே மாட்டியிருந்தால்தான் பேக்கப்.

பழைய மிக்சர் வாங்கும்போது எல்லா நாப்பையும் ஃபேடரையும் பாட்டு ஓடும்போதே ஏற்றி இறக்கிப் பாருங்கள். கரகரப்பு வந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்தாலே பெரும்பாலும் போய்விடும், அதைக் காட்டியே விலையைக் குறைக்கலாம். ஆனால் ஒரு பக்கம் சத்தமே இல்லை, தட்டினால் வருகிறது என்றால் உள்ளே சால்டரிங் விட்டிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

பவானிக்கரை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. டொராண்டோ அண்ணா, அவனுக்கு உடனே மெசேஜ் போட்டுவிட்டேன், அவன் பார்த்து வைத்திருந்த மைக் 600 பட்டைதான், நல்ல வேளை வாங்கவில்லை.

சென்னை சிடிஜேவை விட்டுவிட்டேன். திருப்பூர் டாப்பும் வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டேன், நெல்லை அண்ணா சொன்னதுதான் சரியாகப் படுகிறது. லேப்டாப்புக்கு 25,000 ஒதுக்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை சேலம் போய் டிடிஜே-400 பார்க்கிறேன். அங்கே விற்பவர் வீட்டில் நின்றுகொண்டு என்னென்ன பார்க்க வேண்டும்? அவர் முன்னாலேயே எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பது மரியாதையாக இருக்காதோ என்றும் இருக்கிறது. அட்வான்ஸாக 2,000 ஜிபே பண்ணச் சொல்கிறார், பண்ணலாமா?

திருச்சி மிக்ஸ்:

அட்வான்ஸ் வேண்டாம். நேரில் போய், பொருளைக் கையில் எடுத்து, அதற்குப் பிறகு பணம். நேரில் வர முடியாது, ராணுவத்தில் இருக்கிறேன், பார்சலில் அனுப்புகிறேன் என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகும் கும்பல் பல வருஷமாக இருக்கிறது. சேலத்துக்காரர் அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை, ஆனால் நல்லவராக இருந்தால் ஞாயிறு வரை காத்திருப்பார். பொருளுக்கு அடியில் இருக்கும் சீரியல் நம்பரும் பில்லில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். திருட்டுப் பொருள் கைமாறி வந்தால் கடைசியில் வைத்திருப்பவர்தான் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டும்.

மதுரை டெக்:

போட்டுப் பார்ப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை தம்பி. நல்ல பொருள் வைத்திருப்பவர் அவரே மாட்டிக் காட்டுவார். உங்கள் லேப்டாப், உங்கள் ஹெட்போன், உங்கள் யூஎஸ்பி கேபிளோடு போங்கள். டிடிஜே-400-க்கு பிரின்டருக்குப் போடுகிற மாதிரி சதுர முனை கேபிள், எஃப்எல்எக்ஸ்4-இன் சி டைப் அதற்குச் சேராது, மறந்துவிடாதீர்கள்.

மாட்டியதும் பாட்டை ஓட விட்டு, பின்னால் அந்தக் கேபிள் முனையைப் பிடித்து லேசாக மேலே, கீழே, பக்கவாட்டில் அசையுங்கள். திரையில் கன்ட்ரோலர் ஒரு கணம் போய் வந்தாலும் வேண்டாம். கரன்ட்டும் அந்த ஒரு கேபிளில்தான் வருகிறது, அந்த சாக்கெட் ஆடினால் பொருள் முழுக்க ஆடுகிறது என்று அர்த்தம். அப்புறம் கிராஸ்ஃபேடரை (இரண்டு டெக்குக்கும் இடையே பாட்டை மாற்றும் ஃபேடர்) முழுக்க இடது பக்கம் தள்ளிவிட்டு, இடது டெக்கை நிறுத்தி, வலது டெக்கில் மட்டும் பாட்டை ஓடவிட்டு, ஹெட்போனில் மாஸ்டரைக் கேளுங்கள். ஒன்றுமே கேட்கக் கூடாது. மெல்லியதாக அடி கேட்டால் ஃபேடர் தேய்ந்திருக்கிறது. அதே மாதிரி எதிர்ப்பக்கமும். பாட்டின் வேகத்தை மாற்றும் டெம்போ ஸ்லைடரை நடுவில் வைத்தால் திரையில் பூஜ்யம் வர வேண்டும், கையை எடுத்த பிறகு எண் தானாகத் துள்ளக் கூடாது.

வட்டமாகச் சுற்றும் ஜாக் வீலின் மேல் தகட்டை ஒரே விரலால் தொட்டுப் பாருங்கள், தொட்டதும் பாட்டு நிற்க வேண்டும், ஓரத்தில் தொட்டாலும் நடுவில் தொட்டாலும். ப்ளே, கியூ பட்டன் இரண்டையும் ஓரத்தில், மூலையில், நடுவில் என்று அழுத்துங்கள். அதிகம் தேய்வது அவை இரண்டும்தான், நடுவில் வேலை செய்து மூலையில் செய்யாவிட்டால் ரொம்ப நாள் வராது. எட்டு எட்டாக இருக்கும் எல்லா பேடையும் (சதுரப் பட்டன்கள்) ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். ஹெட்போன் ஓட்டையில் பின்னைச் சுற்றிப் பாருங்கள், ஒரு காதில் விட்டு விட்டு வந்தால் விலையைக் குறைக்கலாம், வாங்காமல் இருக்க வேண்டியதில்லை. மைக் இன்புட்டையும் ஒரு மைக் மாட்டிப் பார்த்துவிடுங்கள், விற்பவர்கள் பலர் அதைப் பயன்படுத்தியே இருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, ஆடியில் நமக்கு வேலை குறைவு, விற்க நினைக்கிறவரும் இப்போதுதான் இறங்கி வருவார். 16,000 என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பவானிக்கரை:

போய் வந்தேன். பெட்டி, பில், சீரியல் எல்லாம் சரி. இடது கியூ பட்டன் கீழ் மூலையில் அழுத்தினால் எடுக்கவில்லை, ஹெட்போன் ஓட்டையும் கொஞ்சம் ஆடுகிறது, மற்றதெல்லாம் சுத்தம். அதைக் காட்டி 13,500-க்கு முடித்தேன். அவரும் நல்ல மனிதர், அந்த பட்டனைப் பற்றித் தனக்கே தெரியாது என்றார், ஒரு கேரி பேக்கும் சும்மா கொடுத்தார். லேப்டாப் டி480, ஒரு கடையில் பேசி வைத்திருக்கிறேன், பயாஸ் பூட்டு இல்லை.

மீதியில் சின்ன மிக்சர் ஒன்றும் ஒயரும் வாங்கிய பிறகு இரண்டாயிரம், மூவாயிரம் நிற்கும். மண்டபத்தில் கரன்ட் போய் ஜென்செட் மாறுகிற அந்த இடைவெளிக்குப் பழைய யூபிஎஸ் ஒன்று வாங்கலாமா? ஸ்பீக்கரையும் அதிலேயே போடலாமா?

கோவை ரீகோன்:

வாங்கலாம், ஆனால் பழைய யூபிஎஸ்ஸில் பேட்டரிக்குப் பணம் கொடுக்காதீர்கள். வீட்டு கம்ப்யூட்டருக்குப் போடும் 600 விஏ யூபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி, இரண்டு மூன்று வருஷம்தான் தாங்கும், பழசில் அது செத்திருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியை மட்டும் மலிவாக வாங்கி, புது பேட்டரி போட்டுக்கொள்ளுங்கள்.

அதில் லேப்டாப் சார்ஜர், மிக்சர், மைக் ரிசீவர் மட்டும். ஸ்பீக்கரை மாட்டவே வேண்டாம், சப் ஒரு அடி அடித்தாலே அந்த யூபிஎஸ் ஓவர்லோட் ஆகி மொத்தத்தையும் நிறுத்திவிடும். கரன்ட் மாறும் நேரத்தில் ஸ்பீக்கர் சில நொடி நின்றால் பரவாயில்லை, லேப்டாப்பும் மிக்சரும் நிற்காமல் இருந்தால் கரன்ட் வந்தவுடன் பாட்டு தானாகத் தொடரும். ஆனால் கரன்ட் போனவுடன் மாஸ்டரை இறக்கிவிடுங்கள், திரும்பி வரும்போது அந்த முழு வால்யூம் அடி டயாஃப்ரமுக்கு ஆகாது.

இரண்டாயிரத்தில் ஒரு மல்டிமீட்டரும் வாங்கிவிடுங்கள், யூபிஎஸ்ஸை விட முக்கியம். மண்டபத்தில் எலக்ட்ரீஷியன் த்ரீ ஃபேஸ் போர்டிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுப்பார். அங்கே நியூட்ரல் தளர்ந்திருந்தால் உங்கள் ப்ளக்கில் 230-க்குப் பதிலாக 300, 350, சில நேரம் 400 பக்கம் ஏறும், ஒரே நொடியில் புதுசும் பழசும் பேக்கப்பும் எல்லாம் போகும். எதையும் சொருகுவதற்கு முன் மீட்டரை ஏசியில் வைத்து ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் பாருங்கள், 210-லிருந்து 245-க்குள் இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பாருங்கள், இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரி பண்ணச் சொல்லிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். ஜென்செட் போட்ட பிறகு இன்னொரு தடவை பாருங்கள், இபி லைனில் சரியாக இருந்தது அங்கே சரியாக இருக்கும் என்று இல்லை.